கட்டிக்குள் குழாய் தேடியவர்

செய்தி வந்தபோது நான் மலாக்காவை ஒட்டிய பத்து பெரெண்டாம் என்ற ஊரில், இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு, உடைந்துபோன பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மேஸ்திரியான மண்டோர் சைக்கிளை மேட்டில் சாய்த்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. உள்ளே ஒரு முடிகூட இல்லை. கேலி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

“மாணிக்கம், மேல வாப்பா.”

“வால்வு இன்னும் மூடல மண்டோர்.”

“அத மத்தவங்க மூடுவாங்க. ஒன் சிநேகிதரு லாப் ஆறுமுகம் போயிட்டாரு. காலையில பசார்ல மீன் வாங்கிட்டு வந்து வாசப்படியில உக்காந்தாராம். எந்திரிக்கல.”

வால்வை நானே மூடிவிட்டுத்தான் மேலே ஏறினேன். கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஆறுமுகம் பிள்ளையை அறிந்தவர்கள் அவர் குடியிருந்த காஜா பெராங்கில் நிறையப் பேர். ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னும் அதிகம். ஆனால் அங்கே அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பாதிப் பேர் “ஏதோ லாப்பில்” என்பார்கள். டாக்டர்கள் வெட்டி எடுத்த கட்டிகளை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் இது நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று எழுதுவார். எழுதுவது டாக்டர். ஆனால் எழுதுவதற்கு முன்னாலேயே ஆறுமுகத்தின் முகத்தில் அதைப் படித்துவிடலாம் என்று மிஸ்ஸிமார், அதாவது நர்ஸுகள், சொல்வார்கள்.

அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வம்சம். வீட்டில் பேசுவது மலாய். சாமி கும்பிடுவதும் பொங்கல் வைப்பதும் நம் மாதிரிதான். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசிக் கற்றது. அதனால் கல்யாண வீட்டில் விருந்தாளியை வரவேற்கும்போதுகூட “உள்ள வா, உக்காரு, மூச்சு இழு” என்கிற தோரணையில்தான் பேசுவார். அவர் தமிழ் முறைப்படி என்னை ‘அண்ணே’ என்பார். நான் மலாய் முறைப்படி அவரை ‘அபாங்’ என்பேன். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம்தான் எங்களுக்குப் பழக்கமானது. லாப்பில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று புகார் வந்து நான் போனேன். குழாயை மாற்று, திருகை மாற்று என்று எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் குழாய்ப் பக்கமே போகவில்லை. தண்ணீர் குறைந்தால் வீட்டுக் குழாயை நோண்டக் கூடாது, மெயினிலிருந்து நடந்து வரவேண்டும். எங்கள் வேலையில் அது முதல் பாடம். அப்படியே நடந்து வந்தேன். கட்டடத்தின் பின்பக்கம் புல்லுக்குள் ஒரு கிளைக் குழாய் கிடந்தது. கொண்டாட்டத்துக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் பீப்பாய்க்குத் தண்ணீர் எடுக்க இழுத்தது. வேலை முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். குழாயை மூடவில்லை. அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் யாரோ ஒருவர் அதை நீட்டி இழுத்து, ஜோராக வாழைத்தோட்டம் போட்டிருந்தார்.

ஆறுமுகம் என் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

“இந்த கனெக்‌ஷன் யாரு குடுத்தது, அண்ணே?”

“யாரும் குடுக்கல. எடுத்துக்கிட்டாங்க.”

“அலாமாக்!” என்று தொடையில் தட்டினார். “எங்க கட்டியும் இதே வேலதான் செய்யும் லா! நீ வா, கோப்பி குடி. நான் சொல்லும்.”

அன்று கோப்பிக் கடையில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. என் விரல் முட்டியில் ஸ்பேனர் கிழித்த காயம் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். “இங்க பாரு, புது சதை. ஏன் செவப்பு? உள்ள புது பைப். ரத்த பைப். முடியவிட சின்னது. பக்கத்துல பழைய பைப் இருக்கும் இல்ல, அதுல இருந்து மொளைச்சி வரும். காயம் ஆறணும்னா சோறு வேணும், சோறு கொண்டுவர பைப் வேணும். ஆறி முடிஞ்சா பைப் நெறைய மூடிக்கும். அதான் தழும்பு வெள்ள. நல்ல கூலிக்காரன். வேல முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவான்.”

“கட்டியில?”

“கட்டியில வேல முடியவே முடியாது. பைப்ப கூப்பிட்டுகிட்டே இருக்கும். நான் தெனம் சீவி பார்க்கும். பைப் பக்கத்துல உள்ளது உயிரோட இருக்கும். தூரத்துல உள்ளது செத்துக் கெடக்கும். கட்டிக்கும் பசிக்கும், அண்ணே.”

“அந்த பைப்ப யாரு அபாங் கூப்பிடறது? கட்டிக்கு வாய் இருக்கா?”

அவர் கோப்பியை ஆற்றினார். “தெரியாது. டாக்டரும் தெரியாதுதான் சொல்லும். ஏதோ ஒண்ணு சொல்லி அனுப்புது, அது நான் நெனக்கிறது. நெனக்கிறது வேற, பார்த்தது வேற.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் நூறு தடவை கேட்டிருப்பேன். கேட்டேனே தவிர, காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அதற்கான தண்டனையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, என் இடது கன்னத்தின் உள்ளே ஒரு கட்டி வந்தது. புகையிலையும் வெற்றிலையுமாக நான் அடக்கி வைக்கும் அதே இடம். முதலில் ஒரு சொரசொரப்பு. பிறகு கடலைப்பருப்பு அளவு. வாய் கொப்பளித்தால் ரத்தம் வந்தது. எனக்குப் பயம்தான். ஆனால் நான் சும்மா இருப்பேனா? பெரிய படிப்பாளி ஆயிற்றே! ஆறுமுகத்தின் கோப்பிக் கடைப் பாடம் கைவசம் இருந்தது. கட்டி பிழைப்பது குழாயால். குழாயை மூடினால் கட்டி சாகும். குழாயை மூடுவதில் மலாக்காவில் என்னைவிடக் கெட்டிக்காரன் யார்?

மெயினிலிருந்து தேடினேன். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினால் ஓர் இடத்தில் துடிப்பு தெரியும். வேண்டுமானால் நீங்களும் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு பித்தளை வாஷரைத் துணியில் சுற்றி வைத்து, துண்டால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கேட்டவர்களிடம் பல்வலி என்றேன். நாலைந்து நாளில் கட்டி வெளுத்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். என் மனைவி செல்லம்மா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நச்சரித்தாள். “பல்லுக்கெல்லாம் போனா அபாங் சிரிப்பாரு” என்று அவள் வாயையும் மூடினேன்.

ஒருநாள் ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை ஒன்றின் முன்னால் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் புது வேட்டி எடுக்க வந்த ஆறுமுகம் என்னைப் பார்த்து நின்றார்.

“என்ன அண்ணே, மாப்பிள்ளை மாதிரி தலைப்பா?”

“பல்வலி.”

“எந்தப் பக்கம்?”

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“அந்தப் பக்கம் ஒனக்குப் பல்லே இல்லையே! போன தீபாவளிக்கு முறுக்கு கடிக்க முடியல சொல்லி, எல்லாத்தையும் எனக்குக் குடுத்தியே!”

துணிக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறுமுகம் சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தார். வாஷர் கீழே விழுந்து உருண்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு தாடையில் அது பதிந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

“வாய் தெற.”

திறந்தேன். கட்டி அப்போது பாக்கு அளவுக்கு வந்திருந்தது.

“எத்தன நாளு?”

“ரெண்டு மாசம். ஆனா அபாங், வெளுத்துப் போச்சு. நீங்கதான சொன்னீங்க, பைப்ப…”

“நான் சொன்னது கதை!” என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “கோப்பி குடிக்கும்போது சொன்ன கதைய வெச்சி நீ வைத்தியம் செய்யுமா? நீ ஒரு வால்வு மூடும், அது நாலு வீட்டுல இருந்து எடுத்துக்கும்! ஒனக்குத் தெரியாதா, நீ பைப் ஆளுதானே!”

தெரியும். நான் ஒரு கிளையை அடைத்த மறுவாரமே அந்த வாழைத்தோட்டத்துக்காரர் இன்னொரு பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டதை நானே பார்த்தவன். எனக்கே எனக்கென்று வந்தபோது மட்டும் அது தெரியாமல் போயிற்று. அவர் வேட்டி எடுக்கவில்லை. என் சைக்கிளின் பின்னால் என்னை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் குண்டு ஆள். மேட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். “உக்காரு” என்றார்.

கட்டியிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். ஆபரேஷன் செய்து, பிறகு கதிர் வைத்தியமும் பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். கன்னத்தில் ஒரு பகுதி போகும், முகம் ஒரு பக்கம் இழுக்கும், பேச்சு முன்போல இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நான் எழுந்து வந்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு இருந்த ஒரே சொத்து வாய்தான். மண்டோரைச் சமாளிப்பதும், தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிற வீட்டுக்காரரைச் சிரிக்க வைத்து அனுப்புவதும் வாயால்தான். செல்லம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, வேண்டாம் என்று இருந்தவளைச் சிரிக்க வைத்ததும் இந்த வாய்தான். அது போனபிறகு இருக்கப்போகிற மாணிக்கம் யார்? வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். “பேச முடியாம நூறு வருசம் இருக்கறதுக்கு, பேசிக்கிட்டே ஒரு வருசம் போதும்” என்றேன் செல்லம்மாவிடம்.

“ஒங்க பேச்சக் கேக்கவா நான் ஒங்கள கட்டிக்கிட்டேன்? பாதி நேரம் நான் காதுலயே வாங்கறதில்ல” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மறுநாள் ஆறுமுகம் வந்தார். “லாப்புக்கு வா. பைப் வேல இருக்கு” என்றார். அவ்வளவுதான். பழக்கதோஷம், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.

குழாயெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் ஒரு கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னை உட்கார வைத்தார். “இது நீ” என்றார்.

முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு ஊதாவும் ரோஜா நிறமுமாக ஏதோ விரிந்தது. கோலம் அழிந்த வாசல் மாதிரி இருந்தது. ஒன்றும் புரியவில்லை. அவர் மெல்லத் தள்ளித் தள்ளிக் காட்டினார். திடீரென்று எனக்குத் தெரிந்த ஒன்று வந்தது.

“அபாங், இது பைப். குறுக்க வெட்டின பைப் வாய்!”

“தெரியுதா?”

எப்படித் தெரியாமல் போகும்? முப்பது வருடமாக நான் பார்க்கிற உருவம். ஆனால் எவ்வளவு மோசமான வேலை! ஒன்று அகலம், ஒன்று குறுகல். நேராகப் போகிறது ஒன்றும் கிடையாது. இரண்டு சுவர் இருக்கவேண்டிய இடத்தில் பாதிச் சுவர். அங்கங்கே ஓட்டை வழியாக ரத்தம் வெளியே கசிந்து கிடந்தது. பக்கத்தில் நல்ல சதையையும் காட்டினார். அங்கே குழாய்கள் வட்டமாக, அளவாக, வரிசையாக இருந்தன. தேர்ந்த பிட்டர் போட்டது. கட்டிக்குள் இருந்ததோ, யாரோ ஒரு அவசரக்காரன் கையில் கிடைத்ததை எல்லாம் ஒட்டிப் போட்டது.

“இந்த வேலைய எவனாவது என்கிட்ட செஞ்சிருந்தா, அன்னிக்கே அனுப்பியிருப்பேன்” என்றேன். ஆறுமுகம் சிரித்தார். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

பிறகு கண்ணாடியைத் துளி நகர்த்தினார். “இப்ப பாரு.”

ஒரு குழாயின் வாய்க்குள்ளே, ரத்தத்துக்கு நடுவில், கட்டியின் அந்த ஊதா ஆட்கள் நாலைந்து பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இவங்களுக்கு இங்க என்ன வேல?”

“பைப் உள்ள வரத்துக்கு மட்டும் இல்ல அண்ணே. வெளிய போகவும் அதே பைப்தான். இவன் பஸ்ஸுக்கு நிக்கிறான். கழுத்துக்குப் போகும், நெஞ்சுக்குப் போகும். போன எடத்துல மறுபடியும் பைப் கூப்பிடும்.”

நான் கண்ணை எடுக்கவில்லை. “இவனுக்கு முந்தி எவனாவது ஏறிட்டானா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அப்போது பொய்தான் எனக்கு வேண்டியிருந்தது. “தெரியாது” என்றார். “பார்த்தத சொல்றேன். இவன் இன்னும் ஏறல. இவன அன்னிக்கே வெட்டி எடுத்தாச்சி. ஆனா ஒன் கன்னத்துல இன்னும் எத்தன பேரு நிக்கிறான்னு எனக்குத் தெரியாது.”

ஸ்பேனரை மேசைமேல் வைத்தேன். “டாக்டர்கிட்ட போலாம்” என்றேன்.

ஆபரேஷனில் நிறைய ரத்தம் போயிற்று. அந்த ஓட்டைக் குழாய்கள் சும்மா விடுமா? என் வகை ரத்தம் ஆறுமுகத்துக்கும் இருந்தது. தானே சோதித்து, தானே கொடுத்தார். “இனிமே எனக்கும் சம்பல் பெலாச்சான் இல்லாம சோறு எறங்காது” என்று, அவர் தினமும் தொட்டுக்கொள்கிற கூனிறால் மிளகாய்த் துவையலைச் சொல்லி, சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அப்போது வாய் திறக்க முடியாது. “பயப்படாத. நாலு மாசத்துல என் ரத்தம் எல்லாம் போயிடும். அப்புறம் நீ பழைய ஆளுதான்” என்றார்.

பழைய ஆளாக ஆகவில்லை. இடது கன்னம் உள்ளே போய்விட்டது. ‘ப’ வருகிற இடத்தில் காற்று வருகிறது. நான் சிரிக்கிறேனா, முறைக்கிறேனா என்று புது ஆட்களுக்குத் தெரிவதில்லை. அதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆனால் பேசுகிறேன். இத்தனை வருடத்தில் கட்டி திரும்பவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் யாரும் பஸ் ஏறவில்லை போலிருக்கிறது. வாஷர் கதையை மட்டும் ஆறுமுகம் யாரிடமும் சொன்னதில்லை. அதில் என்னைவிட அவருக்குத்தான் வெட்கம். எனக்கு எதையாவது விளக்க வேண்டி வந்தால், அதன்பிறகு “இத வெச்சி வீட்டுல எதுவும் செய்யாத” என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

ஆறுமுகம் போனது இதயத்தின் குழாய் அடைத்துக்கொண்டதால் என்றார் டாக்டர். ஒரு கெட்ட கட்டி கூப்பிட்டால் நாலு பக்கத்திலிருந்தும் ஓடி வருகிற குழாய்கள், இப்படிப்பட்ட மனிதருக்குத் தேவைப்பட்டபோது ஏன் வரவில்லை? அவரிடமே கேட்டிருந்தால் “தெரியாது” என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அந்தப் பதில் போதாது. என்றாலும் அதைவிட நல்ல பதிலும் என்னிடம் இல்லை.

துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அக்கா தேவி கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தம்பி போன கதையை மலாயில் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல். சிறுவயதிலிருந்தே வாயில் வெற்றிலை. என்னைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் ‘ஓ’ என்று வாய்விட்டு அழுதார். ஜன்னல் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

சாவு வீடு. சுற்றிலும் உறவினர்கள். நாளைக்குச் சொல்லலாம், கருமாதி முடிந்ததும் சொல்லலாம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதம் துண்டு கட்டிக்கொண்டு திரிந்தது அதுதான்.

“அக்கா, அழறத அப்புறம் பாத்துக்கலாம். வாயத் தெறங்க” என்றேன்.

“கிலா!” என்றார் அக்கா. பைத்தியக்காரா என்று அர்த்தம். அவருடைய மருமகன் எழுந்து என்னை நோக்கி வந்தார். நான் என் உள்ளே போன கன்னத்தைக் காட்டினேன். அவர் நின்றுவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்காவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தேன். அந்த வாரமே திட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டு தையல். லாப்பில் இப்போது புது ஆள். கெட்டதுதான், ஆனால் தோலோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். “அப்படீன்னா இன்னும் பைப் கூப்பிட ஆரம்பிக்கல” என்று அக்காவிடம் விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. நான் பிடுங்கி வைத்திருந்த வெற்றிலையை எப்போது திரும்பத் தருவேன் என்று கேட்டார். தரமாட்டேன் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பேசாமல் இருக்கட்டும், இருக்கிறாரே. ஆறுமுகத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால் இதுதான்: என்னால் இப்போது காத்திருக்க முடிவதில்லை. எங்கள் குழாய் வேலைக் கூட்டத்தில் பதினோரு பேர் வெற்றிலை போடுகிறார்கள். மாதத்தில் முதல் திங்கட்கிழமை மண்வெட்டியைத் தொடும் முன்னால் அத்தனை பேரும் சூரியனைப் பார்த்து வரிசையாக எனக்கு வாயைத் திறந்து காட்டி நிற்க வேண்டும். மண்டோர் உட்பட.